மலைக்கு எந்த வோக்கி டோக்கி: பேக்குக்குள்ள வைக்கிறதா, தோள்ல மாட்டுறதா

வர்ற பெப்ரவரியில நாங்க எட்டு பேரு ஹோட்டன் சமவெளியில இருக்கிற கிரிகல்பொத்தை மலைக்கு போறதா முடிவு பண்ணியிருக்கோம், அதுக்கு முன்னாடி எல்லாரும் காசு சேர்த்து வோக்கி டோக்கி எடுக்கணும்னு பேச்சு வந்திச்சி. பேச்சு வந்ததோட சரி, ரெண்டு மாசமா ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொல்றாங்க. ஒருத்தர் 5 வாட் எடுன்னு சொல்றார், இன்னொருத்தர் எதுக்குடா இதெல்லாம் போன் இருக்கேன்னு சொல்றார், டுபாயில இருக்கிற மச்சான் நான் வரக்குள்ள கொண்டாறேன்னு சொல்றான். நான் கொஞ்ச நாளா இதை நோண்டிக்கிட்டே இருந்ததால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், நம்ம பக்கம் மலை ஏறுற மத்தவங்களுக்கும் உதவும்.

முதல்ல ஏன் இதுல நான் இவ்வளவு அக்கறையா இருக்கேன்னு சொல்லிடுறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தலவாக்கலை பக்கத்துல ஒரு தோட்டத்து மேல் மலைக்கு நாங்க பதினோரு பேரு போனோம். முன்னாடி நாலு பேரு, பின்னாடி ஏழு பேரு, நடுவுல ஒரு கால் மணித்தியால தூரம் இருக்கும். ரெண்டு குறூப்புக்கும் ஒவ்வொரு ரேடியோ குடுத்திருந்தோம், ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கின சீப்பான சாமான். முன்னாடி போனவங்க ஒரு சரிவுல காட்டு மரத்தடியில குளவிக் கூட்டை கலைச்சி விட்டுட்டாங்க. கலைஞ்ச குளவி எப்படின்னு தோட்டத்துல பொறந்தவங்களுக்கு சொல்ல தேவையில்ல. அவங்க நாலு பேரும் கம்பளிய தலையில போட்டுக்கிட்டு மேல ஓடிட்டாங்க, ஓடிக்கிட்டே ஒருத்தன் ரேடியோவை எடுத்து வராதீங்க வராதீங்கன்னு கத்தியிருக்கான். பின்னாடி ரேடியோ எங்க இருந்திச்சி? என் பேக்குக்குள்ள, ரெயின்கோட்டுக்கும் ரொட்டி டப்பாவுக்கும் நடுவுல. பேக் அசைஞ்சி அசைஞ்சி வொலியூம் குமிழ் திரும்பி ஓஃப் ஆகியே போயிருந்திச்சி. நாங்க நேரா அந்த குளவிக்குள்ளயே நடந்து போனோம். என் தங்கச்சிக்கு கழுத்துலயும் காதுக்கு பின்னாலயும் ஒம்பது கொட்டு, முகம் வீங்கி கண்ணு மூடிப்போச்சி, மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சி. த்ரீவீல் வர்ற ரோட்டுக்கு அவள தூக்கிட்டு இறங்க ஒன்றரை மணித்தியாலம். ஆண்டவன் புண்ணியத்துல ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்கு போய் சேர்ந்தோம். அன்னைக்கு எங்ககிட்ட ரேடியோ இல்லாம இல்ல. இருந்திச்சி, ஆனா கைக்கும் காதுக்கும் எட்டுற இடத்துல இல்ல.

அதனால நான் ஒப்பிடுறப்ப முதல் கேள்வி எத்தனை வாட், எத்தனை சேனல் இல்ல. நடந்துக்கிட்டே, ரெண்டு கையால கயிறையோ கொப்பையோ புடிச்சிக்கிட்டிருக்கிறப்ப, ஒரு செக்கன்ல அமுக்கி பேச முடியுமா, பேசினா மத்தவனுக்கு கேக்குமா, அதுதான். கொழுந்து எடுக்கிற அம்மாமாருங்க கூடையை ஏன் தலைக்கயிறு போட்டு முதுகுல தொங்க விடுறாங்க? ரெண்டு கையும் வேலைக்கு வேணும். மலை ஏறுறவனுக்கும் அதே கணக்குதான்.

சரி, போன் போதாதான்னு கேக்குறவங்களுக்கு. போன் கட்டாயம் வேணும், விட்டுட்டு போகாதீங்க. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கும், 119 பொலிஸுக்கும், 117 அனர்த்த முகாமைத்துவத்துக்கும் போன்ல மட்டும்தான் பேசலாம், வோக்கி டோக்கியில அவங்கள கூப்பிட முடியாது. ஆனா நம்ம மலையில சிக்னல் எப்படின்னு தெரியும்தானே, முகட்டுல நாலு கோடு இருக்கும், ஐம்பது அடி இறங்கி பள்ளத்துக்கு போனா ஒன்னும் இருக்காது. மீமுரை பக்கம், நக்கிள்ஸ் காட்டுக்குள்ள, ஹோட்டன் சமவெளியில உள்ளுக்கு போறப்ப, நெடுக மணித்தியாலக் கணக்கா போன் சும்மா டோர்ச் லைட்டுக்குத்தான். சிக்னல் இல்லாத இடத்துல போன் தேடிக்கிட்டே இருக்கும், அதுலயே பெட்டரி பாதி இறங்கிடும், அதனால ஏரோபிளேன் மோட்ல போட்டு வைக்கிறதுதான் நல்லது, அப்படி போட்டா உங்கள யாரும் கூப்பிட முடியாது. மழையில நனைஞ்ச விரலால டச் ஸ்கிரீன் வேலை செய்யாதுன்னு தனியா சொல்ல வேணாம். ஸெல்லோ மாதிரி போனையே வோக்கி டோக்கியா மாத்துற அப் இருக்கு, நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கு டேட்டா வேணும், கவரேஜ் இல்லாத இடத்துல அதுவும் பேசாது. சிவனொளிபாதமலைக்கு சீசன்ல நல்லதண்ணி வழியா போறவங்களுக்கு போனே தாராளம், வழி நெடுக கடை, லைட், சனம். அந்த பயணத்துக்கு ரேடியோ எடுக்க காசு செலவழிக்காதீங்க.

இப்ப ரேடியோ பக்கம் வருவோம். பெட்டியில போட்டிருக்கிற தூரத்தை நம்புறதுதான் எல்லாரும் விடுற முதல் பிழை. 10 கிலோமீட்டர், 35 மைல்னு பெருசா அச்சடிச்சிருப்பான். அது பொய்யின்னு சொல்ல வரல்ல, நடுவுல ஒன்னுமே இல்லாத இடத்துல கிடைக்கிற தூரம் அது. இந்த வகை ரேடியோவோட அலை கிட்டத்தட்ட நேர் கோட்டுலதான் போகும், கண்ணுக்கு கண்ணு தெரியிற மாதிரி. கடல் மாதிரி சமதரையில ரெண்டு பேரு நெஞ்சு உயரத்துல வச்சிக்கிட்டு நின்னா பூமியோட வளைவே சுமார் 10 கிலோமீட்டர்ல மறைச்சிடும். மலையில கதை வேற. இந்த முகட்டுல ஒருத்தர், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர் முகட்டுல ஒருத்தர் நின்னா சின்ன ரேடியோவுலயே அஞ்சாறு கிலோமீட்டர் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்கும், நாங்களே பேசி பார்த்திருக்கோம். அதே ரேடியோவோட ஒருத்தர் முகட்டை தாண்டி மறுபக்கம் இறங்கட்டும், அறுநூறு எழுநூறு மீட்டர்லயே கரகரன்னு ஆகி அறுந்துடும். நடுவுல இருக்கிறது மண்ணும் பாறையும், அதை துளைச்சிக்கிட்டு போற வல்லமை கையில புடிக்கிற எந்த ரேடியோவுக்கும் கிடையாது.

இதுலதான் வாட் கணக்கு, அதாவது ரேடியோ அலையை அனுப்புற பலம், வருது. அரை வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்னு பார்த்தா பெருசா தெரியும், ஆனா தடையே இல்லாத வெளியில கூட பத்து மடங்கு வாட்டுக்கு தூரம் மூணு மடங்கு சொச்சம்தான் கூடும். நடுவுல மலை இருந்தா அந்த மூணு மடங்கும் கிடைக்காது, ஓரத்துல கரகரப்பா வந்தது கொஞ்சம் தெளிவா வரும், அவ்வளவுதான். ஆனா பெட்டரி மட்டும் பேசுற ஒவ்வொரு தடவையும் கூட கரையும். அதனால 5 வாட் எடுத்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது, பத்து அடி ஏறி ஒரு பாறை மேல நின்னு பேசுங்க, அது உங்களுக்கு வாட்டை விட கூட குடுக்கும்.

அடுத்தது எங்க மாட்டுறதுங்கிறது, இதை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி, தண்ணி அலையை உறிஞ்சிக்கும். இடுப்புல பெல்ட்ல சொருகினா அண்டெனா உடம்போட ஒட்டி நிக்கும், நீங்க திரும்பி நிக்கிற பக்கத்துக்கு ஏத்த மாதிரி சிக்னல் ஏறும் இறங்கும். பேக்குக்குள்ள படுக்க வச்சா இன்னும் மோசம், ஏன்னா அண்டெனா நேரா நிமிர்ந்து நிக்கணும், ஒருத்தரோடது நிமிர்ந்தும் ஒருத்தரோடது படுத்தும் இருந்தா சிக்னல் நல்லா குறைஞ்சிடும். தோள்பட்டை வார்ல, காதுக்கு கொஞ்சம் கீழ, அண்டெனா மேல பார்த்த மாதிரி மாட்டினா மூணு நன்மை ஒண்ணா கிடைக்குது, உயரம் கூடுது, உடம்பு மறைக்கிறது குறையுது, காதுக்கும் வாய்க்கும் கிட்ட இருக்குது. நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை லயத்துக்கு மேல தேயிலை மலையில நின்னு ஒரே ரேடியோவை மாத்தி மாத்தி மாட்டி பார்த்தோம். இடுப்புல இருக்கிறப்ப தம்பி பேசினது வார்த்தை வார்த்தையா விட்டு விட்டு வந்திச்சி, அதையே கழட்டி தோள்வார்ல போட்டதும் முழு வசனமா வந்திச்சி. இடமும் மாறல, வாட்டும் மாறல.

இப்ப ஒவ்வொன்னா எடுத்து பார்ப்போம்.

நம்ம ஆளுங்க எல்லாரும் முதல்ல சொல்றது பாவோஃபெங் யூவி-5ஆர். 2012ல இருந்து உலகம் பூரா விக்கிது, 20, 30 டொலருக்குள்ள கிடைக்கிது, 4, 5 வாட் வரைக்கும் அனுப்பும், 136ல இருந்து 174 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் ஒரு பட்டை, 400க்கு மேல இன்னொரு பட்டைன்னு ரெண்டுலயும் வேலை செய்யும். எஃப்எம் வானொலியும் கேக்கலாம், டோர்ச்சும் இருக்கு. காசுக்கு இவ்வளவு தர்ற சாமான் வேற இல்லைன்னு ஒத்துக்கிறேன். அதோட ஸ்பீக்கர் மைக்னு வயர் வச்ச சின்ன மைக் ஒன்னு தனியா வாங்கி தோள்வார்ல கிளிப் பண்ணிக்கலாம், ரேடியோ இடுப்புல இருந்தாலும் கை மைக்குக்கு எட்டும், மைக்கும் மலிவுதான். குறை என்னன்னா, அது தண்ணிக்கு செஞ்சதில்ல. நம்ம மலையில மழை பெய்யணும்னு இல்ல, மிஸ்ட்டுலயே ஒரு மணித்தியாலத்துல சட்டை பிழியிற அளவுக்கு நனையும். ரெண்டாவது, கீபோர்டுல பட்டன் கூட, நடக்கிறப்ப பேக்ல உரசி சேனல் மாறிச்சின்னா சின்னப் பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் திருப்பி கொண்டாற தெரியாது. கீபேட்டை லொக் பண்ணி வைக்கிற வசதி இருக்கு, அதை பண்ணாம மலைக்கு போகாதீங்க. மூணாவதுதான் பெரிய விசயம், இது திறந்த சாமான், தெரியாத்தனமா அமுக்கினா பொலிஸோ மத்த சேவைகளோ பாவிக்கிற அலைவரிசையில கூட போய் பேசிடும். அதைப்பத்தி கீழ சட்டம் சொல்ற இடத்துல சொல்றேன்.

அடுத்தது ஐரோப்பாவுல பிஎம்ஆர்446னு சொல்ற வகை. பேருல இருக்கிற மாதிரியே 446 மெகாஹேர்ட்ஸ், அரை வாட்டுக்கு மேல போகக்கூடாது, அண்டெனாவை கழட்ட முடியாதபடி செஞ்சிருக்கணும், அப்படின்னு அங்க விதி. அந்த விதிக்குள்ள இருந்தா அங்க லைசன்ஸ் தேவையில்ல. இந்த வகையில மோட்டோரோலா டோக்கபௌட் டி92ஐ நான் நல்லா படிச்சி பார்த்தேன். ஐபி67, அதாவது ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் கிடந்தாலும் ஒன்னும் ஆகாது, தண்ணியில விழுந்தா மிதக்கும், டோர்ச்சும் தானா எரியும். ஓயாவுலயோ ஓடையிலயோ கை நழுவினா மிதந்து வர்றதை புடிச்சிக்கலாம். அதோட சேர்ந்து வர்ற பெட்டரி தீர்ந்தா கடையில விக்கிற பென்டோச் பெட்டரி மூணு போட்டு ஓட்டலாம், இதை நான் பெரிய விசயமா பார்க்கிறேன், சமவெளிக்கு போற வழியில இருக்கிற பட்டிப்பொல கடையிலயும் பென்டோச் பெட்டரி இருக்கும், ஆனா சார்ஜ் போட பிளக் பொயின்ட் மலையில எங்க? அரை வாட்தானேன்னு தள்ளிடாதீங்க, மேல சொன்ன மாதிரி முகட்டுக்கு முகடு அரை வாட்டே போகும், முகட்டுக்கு அந்தப் பக்கம் 5 வாட்டும் போகாது. டி82னு இதோட அண்ணன் தம்பி மொடல் இருக்கு, அது தூறலுக்கு தாங்கும், தண்ணிக்குள்ள விழுந்தா தாங்காது, நம்ம பக்கத்துக்கு ரெண்டுல டி92தான்.

மூணாவது, மலை ஏறுறவங்களுக்குன்னே செஞ்சது. அமெரிக்காவுல ரொக்கி டோக்கின்னு ஒரு கம்பனி, பாறை ஏறுறவங்க ஆரம்பிச்சது. அவங்க மவுன்டன் ரேடியோவுல பெருசா ஒரு கரபினர் கொளுவி இருக்கு, பேக் தோள்வார்ல டக்குன்னு மாட்டலாம், கூடவே தவறி விழாம இருக்க ஒரு சின்ன கயிறும் வருது. 200 கிராம் சொச்சம்தான் எடை, 2 வாட், பட்டன் குறைவு, சுத்தி ரப்பர் உறை. இதுல எனக்கு புடிச்சது வாட்டோ தூரமோ இல்ல, மாட்டுற விதத்தை முதல்ல யோசிச்சி அதுக்கப்புறம் ரேடியோவை செஞ்சிருக்காங்க. எங்க ஊர்ல குளவி வந்த அன்னைக்கு இந்த மாதிரி ஒன்னு என் நெஞ்சுல தொங்கியிருந்தா அந்த கத்தல் எனக்கு கேட்டிருக்கும். ஆனா விலை ஒன்னுக்கே 100 டொலருக்கு மேல, அதோட அது அமெரிக்காவோட எஃப்ஆர்எஸ்ங்கிற 462, 467 மெகாஹேர்ட்ஸ் சேனல்ல ஓடுறது. அமெரிக்காவுல லைசன்ஸ் இல்லாம பாவிக்கலாம்கிறது இங்க பாவிக்கலாம்னு அர்த்தம் ஆகாது.

நாலாவது ரெண்டா பிரிஞ்ச வகை. பேக்கன்ட்ரி அக்சஸ்னு பனிச்சரிவுல போறவங்களுக்கு சாமான் செய்ற கம்பனியோட பிசி லிங்க் 2.0. ரேடியோவும் பெட்டரியும் பேக்குக்குள்ள, வயர் போட்டு மைக் மட்டும் தோள்வார்ல. சாதாரண ஸ்பீக்கர் மைக் மாதிரி இல்லாம இதுல சேனல் மாத்துறது, வொலியூம், ஓன் ஓஃப் எல்லாமே மைக்லயே இருக்கு, அதனால பேக்கை திறக்கவே வேணாம். தடிச்ச கையுறை போட்டுக்கிட்டு அமுக்குறதுக்காக பட்டன் எல்லாம் பெருசு, நமக்கு குளிர்ல விறைச்ச விரலுக்கு அது நல்லது. ஆனா நான் இதை நம்ம காட்டுக்கு எடுக்க மாட்டேன். காரணம் அந்த வயர். பனி மலையில மரம் செடி குறைவு, திறந்த சரிவு. கிரிகல்பொத்தை வழி போனவங்களுக்கு தெரியும், குட்டை மூங்கிலும் நெலுச் செடியும் ரெண்டு பக்கமும் அணைச்சிக்கிட்டு நிக்கும், குனிஞ்சி ஊர்ந்து போற இடமும் இருக்கு, தொங்குற எதையும் கொப்பு புடிச்சி இழுக்கும். வயர் இழுபட்டு பிளக் பாதி கழண்டிருந்தா பார்க்கிறதுக்கு நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும், பேசினாத்தான் தெரியும். அதோட அண்டெனா பேக்குக்குள்ள போகுது, ஈர சாமானுக்கு பக்கத்துல. அதே குறை பாவோஃபெங்குக்கு ஸ்பீக்கர் மைக் போட்டாலும் உண்டு, ஆனா அதுல வயரை சட்டைக்கு உள்ளால விட்டு, ரேடியோவை பேக் பக்கப் பொக்கட்ல அண்டெனா வெளிய நிமிர்ந்த மாதிரி வச்சி சமாளிக்கலாம்.

மெஷ் வகைன்னு இப்ப ஒன்னு பேசுறாங்க, கிளிப் பண்ணிக்கிட்டா அமுக்காமலே போன் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல பேசிக்கலாம். மிலோன்னு வந்தது அந்த மாதிரி, திறந்த வெளியில 600 மீட்டர்னு கம்பனியே சொன்னது. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு அருமையா இருக்கும். கால் மணித்தியால இடைவெளியில வளைஞ்சி வளைஞ்சி போற நமக்கு அது பத்தாது, அதனால அதை இதோட விடுறேன்.

பட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு பட்டை உள்ள ரேடியோ எடுக்கிறவங்க, விஎச்எஃப்னு சொல்ற 136ல இருந்து 174 பட்டை நல்லதா, யூஎச்எஃப்னு சொல்ற 400க்கு மேல உள்ள பட்டை நல்லதான்னு கேக்குறாங்க. அடர்த்தியான ஈரக் காட்டுல விஎச்எஃப் இலைக்குள்ள கொஞ்சம் நல்லா போகும், முகட்டு ஓரத்துலயும் கொஞ்சம் வளையும், அது உண்மை. ஆனா 150 மெகாஹேர்ட்ஸுக்கு சரியான கால் அலை அண்டெனா, அதாவது அலை நீளத்துல கால்பங்கு உள்ளது, அரை மீட்டர் நீளம் வேணும், 450க்கு 16, 17 சென்டிமீட்டர் போதும். தோள்ல அரை மீட்டர் குச்சியை நட்டுக்கிட்டு மூங்கிலுக்குள்ள போக முடியாது, அதுக்காக கட்டையான அண்டெனா போட்டா விஎச்எஃப்போட நன்மை அதுலயே போயிடும். உடம்புல மாட்டுறதுக்கு யூஎச்எஃப்தான் பொருத்தம்.

இப்ப சட்டம், இதை தயவு செய்து தாண்டி போகாதீங்க. நம்ம நாட்டுல 1991ம் ஆண்டு 25ம் இலக்க தொலைத்தொடர்பு சட்டத்தின்படி ரேடியோ அலை அனுப்புற சாதனத்தை வச்சிருக்கவும் பாவிக்கவும் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோட அனுமதி வேணும். டுபாய் மச்சான் சூட்கேஸ்ல போட்டுக்கிட்டு வந்தா எயார்போட்ல கஸ்டம்ஸ் புடிச்சி வச்சிக்கலாம், அப்படி புடிக்காம வந்துட்டாலும் அது அனுமதி ஆகாது. அதனால முதல்ல மொடல் பேரையும் அலைவரிசையையும் எழுதி ஆணைக்குழுகிட்ட கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் காசு குடுக்கணும். வாங்குறதும் ஆணைக்குழுவோட அனுமதி உள்ள கடையிலயே வாங்குங்க. நாங்க எங்களோட விண்ணப்பத்தை எழுதிட்டோம். நம்ம மலையக பொடியங்க தனியா எங்கயாவது காட்டுக்குள்ள கையில வோக்கி டோக்கியோட நின்னா எத்தனை கேள்வி வரும்னு நமக்கு தெரியும், அப்ப காட்டுறதுக்கு ஒரு கடதாசி இருக்கிறது எவ்வளவு பெரிய நிம்மதி.

ரேடியோவுலயே ஆசை உள்ளவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, அமெச்சூர் லைசன்ஸ். ஆணைக்குழு பரீட்சை வச்சி குடுக்குது, பாஸ் பண்ணினா 4எஸ்னு ஆரம்பிக்கிற அழைப்புக்குறி கிடைக்கும், இலங்கை ரேடியோ சங்கத்துல பழைய ஆளுங்க இருக்காங்க. எங்கள்ல ரெண்டு பேரு அதுக்கு படிக்கிறாங்க, யூவி-5ஆர் மாதிரி சாமானுக்கு அந்த வழிதான் முறையானது. ஆனா பேசுற ஒவ்வொருத்தருக்கும் லைசன்ஸ் வேணும்கிறதால அம்மா, பெரியம்மா, ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரும் வர்ற குறூப்புக்கு அது சரிவராது.

அப்ப நாங்க எதை எடுக்கிறோம்? எட்டு பேருக்கு எட்டு வேணாம், நாலு போதும். முன்னாடி போறவருக்கு ஒன்னு, கடைசியா வர்றவருக்கு ஒன்னு, நடுவுல ஒன்னு, இன்னொன்னு பட்டிப்பொல பக்கம் வேனோட நிக்கிற அண்ணனுக்கு. வேன்ல இருக்கிறவர் எங்க கூட பேச முடியுமான்னு கேட்டா, முழு நேரமும் முடியாது, முகட்டுக்கு வந்து சமவெளிப் பக்கம் திறந்தா முடியலாம், அதுக்காக நேரம் குறிச்சி வச்சிருக்கோம், அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் திறந்த இடத்துக்கு வந்து நிப்போம். வகைன்னு பார்த்தா தண்ணி புகாத, ஒரே துண்டா இருக்கிற, பட்டன் குறைஞ்ச, தோள்வார்ல மாட்டுற யூஎச்எஃப். டி92 மாதிரி சாமானுக்கு அனுமதி கிடைச்சா அதுதான், அது கிடைக்கல்லன்னா அனுமதி உள்ள கடையில அலைவரிசையோட சேர்த்து குடுக்கிற ஐபி67 தொழில் ரேடியோ. ரெண்டுல எது வந்தாலும் தனியா ஒரு கரபினரும் வாரும் போட்டு தோள்ல கட்டிக்கப் போறோம், தோள் வாரை தச்சி குடுக்க ஹற்றன்ல பேக் தைக்கிற கடைக்காரர் ஒத்துக்கிட்டார். சும்மா கிளிப்பை மட்டும் நம்பாதீங்க, குனியிறப்ப கழண்டு விழும்.

பிரைவசி கோட்னு பெட்டியில போட்டிருக்கிறதை பார்த்து ஏமாறாதீங்க, அது மத்தவங்க பேச்சு உங்க காதுல விழாம மறைக்கிறது, நீங்க பேசுறது மத்தவங்களுக்கு கேக்கும், அதனால யாரு தனியா எங்க நிக்கிறாங்கன்னு பொம்பளப் பிள்ளைங்க பேரு சொல்லி பேச வேணாம்னு எங்க குறூப்புல சொல்லியிருக்கேன். பட்டனை அமுக்கின உடனே பேசக்கூடாது, ஒரு செக்கன் விட்டு பேசணும், இல்லைன்னா முதல் சொல் வெட்டுப்பட்டுடும். போன சோதனையில இது எங்களுக்கு நல்லா புரிஞ்சிச்சி, வராதீங்கன்னு சொன்னது ராதீங்கன்னு வந்திச்சி. இன்னொன்னும் கவனிச்சோம், நில்லுன்னு சொன்னதும் செல்லுன்னு சொன்னதும் ரேடியோவுல ஒரே மாதிரி கேக்குது. அதனால நிப்பாட்டு, நிப்பாட்டுன்னு ரெண்டு தடவை சொல்றதுன்னு வச்சிக்கிட்டோம். இடது வலதுன்னு சொல்றதும் இல்ல, எதிர் எதிரா நிக்கிறவங்களுக்கு அது மாறிடும், ஆத்துப் பக்கம், மலைப் பக்கம்னு சொல்றோம். குளவிக்கு தனியா ஒரே சொல்தான், குளவி, குளவி, குளவி, மூணு தடவை, அதைக் கேட்டா பின்னாடி உள்ளவங்க ஒன்னும் கேள்வி கேக்காம நின்ன இடத்துல இருந்து வந்த வழியே திரும்பணும்.

ஜனவரி பெப்ரவரியில சமவெளியில விடியக்காலையில புல்லு மேல உறைபனி இருக்கும், அந்த குளிருல பெட்டரி சீக்கிரம் சோர்ந்து போகும். மாத்துறதுக்கு கொண்டு போற பெட்டரியை சிலிசிலி பேக்ல, அதாவது மெல்லிசான பொலித்தீன் பையில சுத்தி, பேக்ல போடாம, சட்டைக்கு உள்பொக்கட்ல உடம்புச் சூட்டுல வைக்கணும். கடைசி ஆளோட ரேடியோவை இந்த தடவை தங்கச்சிதான் மாட்டிக்கிறா, அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.